உன் கைராசியின் குட்டு

அன்பு மச்சான் தேவா,

நீ எங்களை விட்டுப் போய் ஒன்பது மாதமாகிவிட்டது. அழுது கடிதம் எழுத எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஒரு நல்ல செய்தி கிடைக்கட்டும் என்று காத்திருந்ததில் இவ்வளவு சுணங்கிவிட்டது. இன்றைக்குச் செய்தி இருக்கிறது. அதோடு உன்மேல் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. சிரிக்காமல் கேள்.

நம் படகின் எஞ்சின் உனக்கு மட்டும்தான் பணியும் என்று இந்த ஒஸ்லோ ஓரத்து ஹொல்ம்லியாத் தமிழர் எல்லாரும் நம்பியிருந்தார்கள். நானும்தான். நடுவில் நின்றுவிட்டால் நான் பத்துத் தரம் கயிற்றை இழுப்பேன். இருமும், அடங்கும். நீ எழுந்து வந்து முதலில் அதை வாயாற ஏசுவாய். பிறகு பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து, தமிழ்க் கடை விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கை உள்ளே விட்டு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பாய். ஊரில் தோட்டத்துத் தண்ணீர் மெசினுக்கு மண்ணெண்ணெய் அளந்த பழக்கம். நானோ உன்னைக் கஞ்சன் என்று நக்கலடிப்பேன். நீ மூடியை மூடிவிட்டு ஒரு இழுவை இழுப்பாய், எழும்பிவிடும்.

"கைராசி மச்சான், கைராசி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாய். செம்மண்ணில் வெங்காயம் நட்டவன், வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலையில் இரண்டு வருடம் மீன் வெட்டிய ஒரே தகுதியில் ஒஸ்லோவில் கப்டன் ஆனாய். உன் வாய்க்கு யார்தான் எதிர்த்துப் பேச முடியும்?

படகுக்கு உன் மனைவியின் பெயரையே எழுதினாய். என் தங்கச்சி ரஞ்சிக்கு அதில் ஒரு துளி சந்தோசமும் இல்லை. "நடுக்கடலிலை நிண்டு மானத்தை வாங்கிற சாமானுக்கு என்ரை பேர்தானோ கிடைச்சது?" என்பாள். தேத்தண்ணிப் போத்தலோடு துறையிலேயே உட்கார்ந்திருப்பாள். ஏழு கோடையில் ஒரு நாளாவது காலைத் தூக்கிப் படகுக்குள் வைத்தாளா?

இந்த வசந்தத்தில் நான் தனியாகப் படகைத் தண்ணீரில் இறக்கினேன். துறையில் நன்றாக எழும்பியது. இருபது நிமிடம் ஓடியது. பிறகு நின்றது. கைத்தோல் உரியும்வரை இழுத்தேன். பக்கத்துத் தரிப்பிடத்து ஆர்னெதான் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார். கரைக்கு வந்து சேர்ந்து, அரை மணி கழித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். எழும்பியது மச்சான். அப்போது எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றி, பேப்பரில் பரப்பி, கழுவிப் பூட்டினேன். ஒரு ஸ்பிரிங் மிச்சம் வந்தது, அதற்காகத் திரும்பக் கழற்றினேன். எலுமிச்சம்பழமும் கட்டிப் பார்த்தேன், அதை ஆர்னெயிடம் விளக்கப்போய் என் நோர்வேஜியன் மொழியே நின்றுவிட்டது. கடைசியில் எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே நல்ல பிள்ளையாக ஒரு மணி நேரம் ஓடியது. ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் தங்களுடைய டாங்கை மாட்டித்தான் ஓட்டினார்கள். அது கண்ணில் பட்டும் எனக்கு உறைக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அது எனக்குப் பணியாததில் முதலில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு இரும்புக்குக்கூட உன் கை தேவைப்படுகிறது, உன்னைத் தேடுகிறது என்று நினைத்தேன். ஆர்னெ மூன்றாம் முறை கட்டி இழுத்தபோது அந்த ஆறுதல் தீர்ந்துபோனது. நீ இல்லாத படகு எனக்கு வேண்டாம் என்று அழுகையாக வந்தது.

ரஞ்சி அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "வித்துப்போடுங்கோ அண்ணை. அவரைப் பாக்கப் போறமாதிரிப் போறீங்கள், செத்த வீட்டாலை வாறமாதிரி வாறீங்கள். என்னாலை பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"இன்னும் ஒரே ஒரு தரம். நீயும் வா. நிண்டால் அண்டைக்கே வித்துப்போடுறன்" என்றேன். அவள் வரமாட்டாள், விற்பதும் தள்ளிப்போகும் என்பது என் கணக்கு.

நேற்றுச் சனிக்கிழமை காலையில் துறையில் வந்து நிற்கிறாள், மச்சான். உன்னுடைய உயிர்காப்புச் சட்டை முழங்கால்வரை தொங்குகிறது. கையில் தேத்தண்ணிப் போத்தல், தோளில் கைப்பை. "ஆட்டாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஏறி உன் இடத்தில் உட்கார்ந்தாள்.

புறப்பட்டோம். வெயில், காற்றே இல்லை. விளிம்பைப் பிடித்த அவள் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. எங்கள் மலையையும் வீட்டுப் பக்கத்தையும் தண்ணீரில் இருந்து பார்த்து, "இவ்வளவு வடிவோ?" என்றாள். தீவுக்கு நேரே வந்ததும் எஞ்சின் இருமியது. நின்றது.

நான் இழுத்தேன். ஆறு, ஏழு, எட்டு. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி நிண்டால் இவர் முதல் என்ன செய்வார்?"

"ஏசுவான். பிறகு டாங்கைத் திறந்து ஈர்க்கு விட்டு அளப்பான். பிறகு இழுப்பான்."

"அப்ப அதே ஒழுங்கிலை நீங்களும் செய்யுங்கோ."

"விடியத்தான் நிரப்பினனான், ரஞ்சி. அளந்து என்னத்தைக் காணப்போறம்?"

"அவர் நிறைஞ்ச டாங்கையும் அளந்தவர்தானே. செய்யுங்கோ அண்ணை."

உன் ஏச்சில் இரண்டு சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் குழாயில் சப்பளிந்து கிடந்த ரப்பர் குமிழ் எங்கள் கண்முன்னால் உப்பி எழுந்தது. கயிற்றை இழுத்தேன். எழும்பிவிட்டது.

நான் வாய் பிளந்து நிற்க, ரஞ்சி மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணை, ரின்பால் பேணிக்கு ரெண்டு ஓட்டை குத்தாட்டில் பால் வராதெல்லோ? இதிலை காத்துப் போற ஓட்டை எங்கை?"

ஓட்டை இருந்தது. அதன்மேல் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. நினைவிருக்கிறதா? துருப்பிடித்த டாங்கை மூடியோடு சேர்த்துச் சிவப்பில் குளிப்பாட்டினாயே, அந்தக் கோடையில்தானே எஞ்சின் நிற்கத் தொடங்கியது? நாவூறு பட்டுவிட்டது என்று நாம் இருவரும் கதைத்தோமே?

குற்றவாளி நீதான், மச்சான். நீயே மூச்சை அடைத்தாய். ஈர்க்கு விடுகிறேன் என்று நீயே ஒவ்வொரு முறையும் திறந்துவிட்டாய். அதற்குப் பெயர் கைராசி. உனக்கும் இது தெரியாது என்றுதான் நம்புகிறேன். தெரிந்திருந்தால் ஒரு கிழமைகூட உன் வாயில் நின்றிருக்காது.

ரஞ்சி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒன்பது மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. "இஞ்சாருங்கோ, செய்யிறதையும் செய்துபோட்டுக் கப்டன் எண்டு திரிஞ்சனீங்களோ?" என்று அந்தச் சிவப்பு டாங்கைப் பார்த்துக் கேட்டாள். பிறகு கைப்பையில் இருந்து சேலைக்குக் குத்தும் ஊசியை எடுத்தாள்.

எனக்கு மனம் வரவில்லை. "வேண்டாம், அவன் பூசினது. நாங்கள் திறந்து திறந்து ஓடுவம்" என்றேன். எஞ்சின் உன்னைத் தேடுகிறது என்ற நினைப்பைக் கைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அது மூச்சு விடட்டும் அண்ணை" என்று சொல்லி ஊசியைக் குத்தினாள். ஒரு சிவப்புத் துணுக்கு உதிர்ந்தது. அதை அவள் கடலில் போடவில்லை. கைப்பையின் சின்ன அறைக்குள் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினோம். மக்ரெல் மீன் பதினொன்று பட்டது. துறையில் ஆர்னெ கயிற்றை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். நாங்களாகவே வந்து சேர்ந்ததைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு மூன்று மீன் கொடுத்தோம். மிச்சம் ரஞ்சியின் சட்டியில் உறைப்பாகக் கொதித்தது. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஊருக்குச் சொல்லாதேங்கோ, கைராசியென்றே இருக்கட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நான்தான் கேட்கவில்லை, இப்படி எல்லாரும் வாசிக்க எழுதிவிட்டேன். உன் பெருமையைவிட உன் குட்டு எனக்கு வடிவாக இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். படகு விற்கப்படாது. பெயரும் பெயிண்டும் மாறாது. ஈர்க்கு அதன் இடத்திலேயே கிடக்கும். உன் இடத்தில் இனி ரஞ்சி இருப்பாள், ஒவ்வொரு சனிக்கிழமையும். நேற்றுத் திரும்பும்போது தீவுக்கு நேரே எஞ்சினை நிறுத்தச் சொல்லி, தானே எழுந்து நின்று கயிற்றைப் பிடித்தாள். ஒரே இழுவை, மச்சான். கைராசி வீட்டை விட்டுப் போகவில்லை.

ரஞ்சியின் அண்ணன்,
படகில் பாதிக்காரன்,
உன் மச்சான் குணம்