மலருக்கு வந்தது அம்மாள் இல்லை

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே வெயில். திருத்தத் தந்த தாசனின் போட் எஞ்சின் இன்னும் கழற்றினபடி. காபரேட்டர் முழுக்க மண். என் மனுசி மலர் இன்று தானே மீன் வெட்டினாள். இருமல் இல்லை. நெஞ்சுப் புற்றுக் கட்டி நல்லாச் சுருங்கிவிட்டதாம், போன ஸ்கேனில். கிளினிக்கில் போடுகிற அந்த ஊசி வாழ்க. ஆனால் வயிற்றைச் சொறிந்தபடி இருக்கிறாள். "நண்டு தின்னாத எண்டா கேட்டாத்தானே" என்று ஏசினேன்.

மார்ச் 8, சனி
மலருக்கு வயிற்றிலும் தொடையிலும் நீர்க் கொப்புளம். பெரிசு பெரிசாக. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அம்மை போட்டிருக்கு. அம்மாள்.
"காய்ச்சல் இல்லையே. டொக்டரம்மாவுக்கு ஒரு கோல் எடுப்பமா?" என்றாள்.
"அம்மாளுக்கு ஆரும் டொக்டரிட்டப் போறதா? பேசாமப் படு புள்ள."
வாசல் படலையில் வேப்பிலை கட்டினேன். மீன் இல்லை, தாளிப்பு இல்லை. எனக்கும் வெறும் பருப்பும் சோறும்.

மார்ச் 11, செவ்வாய்
இன்று ஊசி நாள். அம்மாள் உள்ளவளைப் படலை தாண்ட விடக்கூடாது. போகவில்லை. கிளினிக்கில் இருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. அம்மாள் இறங்கட்டும், மறுகா சொல்லலாம்.

மார்ச் 15, சனி
மழை. முதுகெல்லாம் கொப்புளம் உடைந்து பாய் ஒட்டுகிறது. வாய்க்குள்ளும் புண். மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன், கத்தினாள். மலர் கத்தி நான் கேட்டதே இல்லை. ஓட்டோவில் ஏற்றினேன். பாலத்தில் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் என் கையை இறுக்கினாள். வார்டில் சேர்த்தாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு
டொக்டரம்மா சொன்னார், அம்மாளே இல்லையாம். ஊசியின் வேலையாம்.
"அது உடம்பின்ட எதிர்ப்புச் சக்திய அவிட்டு விடுற ஊசி, ஐயா. கட்டிய அடிக்கும். சில பேருக்குச் சொந்தத் தோலையும் அடிக்கும். கடி, சொறி தொடங்கின உடன வந்திருந்தா, பூசுற மருந்தக் குடுத்து ஊசியையும் தொடர்ந்து போட்டிருக்கலாம். இனி அந்த ஊசி போட ஏலா."
கட்டிக்கு? "வேற மருந்து பாப்பம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.
நல்லாச் சுகமாகி வந்துகொண்டிருந்தவள். என் வாய்தான் கெடுத்தது.
"இவ்வளவு நாளும் ஏன் வரல்ல?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மலர், அந்தப் புண் வாயால்:
"அவர் கூப்பிட்டவர், டொக்டர். நான்தான் அம்மாளெண்டு மாட்டனெண்டிட்டன்."
டொக்டரம்மா அவளை ஏசினார். நல்லா ஏசினார். நான் கட்டிலைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு விழவேண்டிய ஏச்சு.