கழித்துப் பார்த்த நாலு மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை, முடியவில்லை. ஃபோன் எப்போதும் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நீ கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்க வேண்டுமாம். அதனால்தான் இதைத் தாளில் எழுதி, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லப் போகிறேன்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது உனக்குத் தெரியும், ஆபரேஷனுக்கு அவள் இன்னும் சம்மதிக்காதது தெரியாது. இந்த வாரம் தாண்டினால் அப்புறம் எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். இவளோ எம்பொண்ணு வந்த பிறகுதான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், நிற்க முடியாதவள். எல்லாம் என்னால்தான் பாப்பா. வலியில் அவள் துடித்தபோது தைரியம் சொல்லலாமே என்று, உன் புது ஊரிலிருந்து வரும் விமானத்தை மருந்துக்கடைக்காரரின் ஃபோனில் பார்த்தேன். காலை ஆறுக்குக் கிளம்பி காலை பத்துக்கு வந்து சேரும் என்று இருந்தது, பக்கத்தில் இருந்த தேதியைக் கவனிக்கவில்லை. பஸ் நிலையத்தில் டைம்கீப்பராகவே காலம் தள்ளியவன், பத்திலிருந்து ஆறைக் கழித்தேன். நாலே மணி நேரம்தான், கூப்பிட்டா வந்துடுவா என்று சொல்லிவிட்டேன். நீங்கள் முன்பு இருந்த ஊரும் அவ்வளவு தூரம்தானே, அவளும் நம்பிவிட்டாள்.

ஆறு என்பது உன் ஊர்க் கடிகாரம், பத்து என்பது அடுத்த நாள் நம்ம ஊர்க் கடிகாரம், நடுவில் விமானம் மாறி இருபது மணி நேரம் ஆகும், பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று மருந்துக்கடைக்காரர் மறுநாள்தான் விளக்கினார். நானும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். மகளுக்கு வக்காலத்து வாங்காதீங்க, நாலு மணி நேரம் இருபதா இழுக்க அது என்ன ரப்பரா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதுப்பிக்கக் கொடுத்த விசா கைக்கு வராமல் நீ அங்கிருந்து நகர முடியாது என்றேன், நாலு மணி நேரத்துக்கு எதுக்கு விசா என்கிறாள்.

நீதான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பார்க்கலாம்மா, முயற்சி பண்றேம்மா என்று மட்டும் சொல்லாதே, அதையே பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வர முடியாது என்று கறாராகச் சொல். உன்னைத் திட்டுவாள், அழுவாள், அந்தக் கோபத்திலாவது ஆபரேஷனுக்குச் சம்மதிப்பாள். இதைப் பெற்ற மகளிடம் கேட்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது, வேறு வழி தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க என் ஆசீர்வாதம். ஃபோன் செய்ய மறந்துவிடாதே. இருபது மணி நேரம் என்று எனக்குத் தெரியும், உன்னால் வர முடியாது என்றும் தெரியும். ஆனாலும் காலையில் பத்து அடித்தால் வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

உன் அப்பா