சாப்பாட்டுக் கணக்கில் வராத அப்பம்

இயேசு மரி சூசை

மண்ணூர்
19-8-1991, திங்கள்

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா ஆயிரம் முத்தங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தம்பி பாபு மூவரும் மாதா தயவில் சுகம். உன் சுகத்தை அறிய ஆசை என்று எழுதப் போன கை நின்றுவிட்டது, அதைத்தான் நீயே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டாயே. சனிக்கிழமை தபால்காரர் கொடுத்ததும் நின்றபடியே படித்தேன், முடித்தபோது அடுப்பில் சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது அலறி அடித்துக்கொண்டு தந்தி கொடுத்தாய், நாங்கள் இங்கே பத்திரமாகத்தான் இருந்தோம், நீதான் ஃபரிதாபாத்தில் தனி அறையில் செத்துப் பிழைத்திருக்கிறாய், இத்தனை நாள் அதைப் பற்றி எங்களுக்கு ஒரு வரி இல்லை.

கோதுமை ஒருத்தி குடலுக்கு ஆகாது என்று நான் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. காய்ச்சல் வந்தால் டாக்டர் ரொட்டிதானே கொடுக்கச் சொல்வார். வயிறு ஊதுகிறது, பேதியாகிறது, உடம்பு இளைக்கிறது என்று போன வருஷம் நீ எழுதியபோது வடக்கத்தித் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சீரகம் அனுப்பினேன் பார், என்னை என்ன சொல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள் என்ற இடத்தைப் படித்துக் காட்டியதும் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சப்பாத்தி, பிஸ்கட், ரவை, மைதா எல்லாவற்றையும் விட்டுத் தனியாகச் சோறு பொங்கிச் சாப்பிட்டும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாயாம். கடைசியில் குளியலறையில் மயங்கி விழுந்து, உள்ளே தாழ்ப்பாள், குழாய் திறந்தபடி ஓடுகிறது, மாடித் தொட்டி காலியாகிவிட்டது என்று சண்டை போட வந்த வீட்டுக்காரம்மாதான் கதவை உடைத்து உன்னைத் தூக்கியிருக்கிறாள். அவளை நீ எத்தனை கடிதத்தில் திட்டியிருப்பாய், நானும் இங்கிருந்தே சேர்ந்து திட்டியிருக்கிறேன். இனி அவளுக்காகத் தினமும் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லப்போகிறேன், அவள் கோபம் மட்டும் குறையவே வேண்டாம்.

வாயில் என்னென்ன போட்டாய் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டும் நீ சோறு, மோர், வாழைப்பழம் என்றே சொல்லியிருக்கிறாய். பேச்சுவாக்கில் பூசைக்குப் போனேன் என்றதும்தான் அவர் நிமிர்ந்து பார்த்து, அங்கே ஏதோ கொடுப்பார்களே, அது எதில் செய்தது என்று கேட்டாராம். ஜெசி, எனக்கும் தோன்றியிருக்காது. சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மை வாங்குவதை, யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? பல் படக்கூடாது, நாக்கில் கரையவிடு என்றுதானே உன்னை வளர்த்தேன். அந்த அப்பம் கோதுமை மாவு என்பது தெரியாததல்ல, ஞானோபதேசத்தில் படித்ததுதான், ஆனால் அதை மாவு என்று நினைக்க மனசு வந்ததே இல்லை. அதுதான் என் பெண்ணைத் தரையில் தள்ளியது என்று படித்ததும் செருப்புகூடப் போடாமல் கிளம்பினேன். கோவிலுக்குப் போய் மாதா முன்னால் நின்று, அப்பமாக உன் மகனை வாங்க வந்த என் மகளை இப்படிச் செய்யலாமா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்டபின் பயந்துபோய் மன்னிப்பும் கேட்டேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. உன் கடிதம் வருவதற்கு முன்னால், மாதா திருவிழா அன்று, மேலத்தெரு லீலா என் காதோரம் வந்தாள். அவள் நாத்தனார் உங்கள் ஃபரிதாபாத் கோவிலுக்குத்தான் வருகிறாளாமே. “உம் பொண்ணு பூசைக்கு வருதாம், ஆனா நன்மை வாங்காம பெஞ்சுலயே குந்திகினு கீதாம். இன்னா விஷயம்னு கேட்டு வெச்சுக்கோ” என்றாள். நன்மை வாங்காமல் உட்கார்ந்தால் பெரிய பாவம் எதையோ மறைக்கிறாள் என்றுதானே நம் சனம் அர்த்தம் பண்ணும், அதுவும் கல்யாண வயதுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். யாரோ ஒரு வடக்கத்திக்காரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாய் என்று நானே முடிவு கட்டி, உன்னைக் கண்டபடி திட்டி எழுதியும் வைத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் அதை அடுப்பில் போட்டேன், வீடெல்லாம் நிறைந்த புகையில் அதற்கும் பங்கு உண்டு.

நன்மை இல்லாமல் பூசை பார்ப்பது வயிற்று வலியைவிடப் பெரிய வலியாக இருக்கிறது, ஒரு துளிதானே, அடுத்த ஞாயிறு போய் வாங்கிவிடட்டுமா, நீ சொல் அம்மா என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்துத்தான் அதிகம் பதறினேன். அன்றைக்கே சாமியாரிடம் ஓடி, “இன்னா சாமி இது, ஆண்டவரே எம் பொண்ணுக்கு ஒத்துக்கலியா” என்று அழுதேன். அவர் சிரிக்கவில்லை. அப்பத்தில் இருக்கும் அதே ஆண்டவர் திராட்சை இரசத்திலும் முழுசாக இருக்கிறார், இரசம் மட்டும் வாங்கினாலும் முழு நன்மைதான், வியாதிக்காரர்களுக்கு அதற்கு இடம் உண்டு என்றார். ஆனால் சாமியார் குடிக்கும் கிண்ணத்தில் அப்பத் துண்டு ஒன்றைப் போடுவார்கள் அல்லவா, அது வேண்டாம், உனக்கென்று தனிக் கிண்ணம் கேட்கவேண்டுமாம். உங்கள் கோவில் பங்குச் சாமியாருக்கு இவரே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன், வெட்கப்படாமல் கொண்டுபோய்க் கொடு. அவர் சரி என்று சொல்லும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கக்கூடாது, அப்பம் ஒரு துளியும் கூடாது, இது அம்மா கட்டளை.

அப்பா வாலாஜாபாத் போய்ப் புழுங்கலரிசி நொய் வாங்கிவந்தார், வயிறு மறுபடி கலங்கினால் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு நொய்க்கஞ்சி வை. பெருங்காயத்தில்கூட மைதா சேர்க்கிறார்களாமே, அது எனக்கு அடுத்த இடி, இந்த முறை ரசப்பொடியில் அது இல்லை, பூண்டைத் தட்டிப்போட்டுக்கொள். பாபு கம்பெனியில் ஓ.டி. வேலை முடித்து வந்த அலுப்போடு பார்சலைக் கட்டினான், அக்கா பிழைத்தாளே என்று ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் கட்டினான்.

நேற்று பூசையில் நன்மை வாங்க எல்லோரும் வரிசையில் போனார்கள், நான் எழுந்திருக்கவில்லை. நீ அங்கே தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்ததும் கால் வரவில்லை. முதுகெல்லாம் ஊர்க் கண்கள் குத்தின, அம்மாடி, இதைத்தான் நீ வாராவாரம் தாங்குகிறாயா? வெளியே வந்ததும் லீலா பிடித்துக்கொண்டு, “இன்னா அமலோற்பவம், நீயும் குந்திகினே? இன்னா பாவம் பண்ணே?” என்றாள். “எம் பொண்ணு பண்ண அதே பாவந்தான்” என்று சொல்லி, அவளை மர நிழலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் காதில் போட்டால் போதும், மண்ணூரிலிருந்து ஃபரிதாபாத் வரை தானே போய்விடும், இனி உன்னை யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள். ஆனால் நீ எழுந்து போய் வாங்கும் ஞாயிறு வரை நானும் வாங்கப்போவதில்லை. சாமியாரிடமும் சொல்லிவிட்டேன், தலையைச் சொறிந்தார்.

மாதாவும் சூசையப்பரும் உன் கூடவே இருக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடாதே, அறைச் சாவி ஒன்றை அந்தச் சண்டைக்காரியிடமே கொடுத்துவை. கூச்சப்பட்டு நாளைக் கடத்தாதே மகளே, சீக்கிரம் கேள், எனக்கு ரொம்ப நாள் தாங்காது.

உன் ஞாயிற்றுக்காகப் பசியோடு காத்திருக்கும்
அம்மா
அமலோற்பவம்