அது கை நடுக்கம் இல்லை, மதினி

என் உயிரான ஸ்டெல்லா மதினிக்கு,

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுல ஒனக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருக்காங்க. அன்பு மனைவி, பாசமிகு தாய், அருமைப் பாட்டின்னு வரிசையா போட்டிருக்கு. உன் வீட்டுக்காரரு, அதான் எங்கண்ணன், பிள்ளைகளோட கூடிப் பேசி எழுதினது. டிரம்ஸ்னு ஒரு வார்த்தை இல்லை. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நாம என்ன சாராயமா காய்ச்சினோம், மறைக்கிறதுக்கு?

அறுபதுகள்ல, கல்யாணத்துக்கு முந்தி, மூணு பொம்பளைப் பிள்ளைங்க சேர்ந்து ராக் பேண்டு வச்சோம். கொழும்புச் சித்தப்பா கொண்டாந்த கிடார் எனக்கு, மாதா கோயில் ஆர்மோனியம் ரோசம்மாவுக்கு. டிரம்ஸ் நீ. பேண்டு செட்டுக்காரங்க கிழிஞ்சுபோச்சுன்னு தூக்கிப் போட்ட பெரிய டிரம்முக்குத் தோல் மாத்தி, பழைய தையல் மிசினோட மிதிகட்டையைக் கழற்றி அதுல மாட்டினியே, அந்த மூளை யாருக்கு வரும்? ரேடியோவுல கேட்ட இங்கிலீஷ் பாட்டுக்கு நமக்கு அர்த்தம் தெரியாது. தாளம் தெரியும், அது போதும்னு இருந்தோம்.

கோயில் திருவிழா மேடையில ஏறினப்ப ஒரு பெரியவர் எந்திரிச்சுக் கத்தினார். "பொம்பளைப் புள்ள காலை அகட்டி ஒக்காந்து கொட்டடிக்கிறதா? எறங்குங்க கீழே!"

நீ எறங்கலை. "தையல் மிசின் மிதிக்கிறப்ப மட்டும் இது நல்ல காலா இருந்துச்சா தாத்தா?"ன்னு மைக்குலயே கேட்ட. கூட்டம் விசிலடிச்சுச்சு. அதுல பெரிய விசில் எங்கண்ணனோடது. அந்த விசிலை நம்பித்தானே கழுத்தை நீட்டின?

கல்யாணமாகி மறுமாசமே, "குடும்பப் பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு டிரம்மை மாட்டு வண்டியில ஏத்தி அனுப்பிருச்சு அண்ணன். நான் பக்கத்துலதான் சோறு தின்னுக்கிட்டிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த. நான் எலையைப் பார்த்தேன். ஏன் மதினி, அன்னைக்கே என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாம்ல?

போன மாசம் ஆஸ்பத்திரியில, கட்டில் கம்பி மேல உன் விரலு ஓடிக்கிட்டே இருந்துச்சு. "கை நடுக்கம் அத்தை, ரெண்டு வருசமா மாத்திரை குடுக்குறோம்"னான் உன் பெரியவன். நான் காதை வச்சுக் கேட்டேன். நடுக்கமாவது மண்ணாவது! திருவிழாவுல முதல்ல வாசிச்ச பாட்டோட தாளம், ஒரு அடி பிசகலை. நான் மெட்டை முனகினேன். பாட்டு முடியிற எடத்துல என் மணிக்கட்டுல ரெண்டு அடி வச்சு நிறுத்தின.

"உங்கம்மா டிரம்மர்டா"ன்னேன். அவன் சிரிச்சான். பாவம், அவனுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருசமா அந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லலை, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதான் நானும் ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சு அவங்களதுக்குப் பக்கத்துலயே கட்டிட்டேன். ரோசம்மா பொட்டியிலேருந்து எடுத்த மேடைப் போட்டோ. கீழே 'டிரம்மர் ஸ்டெல்லா', அவ்வளவுதான்.

அண்ணன் போன்ல குதிச்சுச்சு. "மானம் போகுது, அவுத்துரு!"

"யாரு மானம்ணே?"

அண்ணன் குரலை எறக்கி, "அதுல அவ சிரிக்கிறாளா?"ன்னு கேட்டுச்சு.

நான் உருகலை மதினி. "சிரிக்கிறா, வந்து பாரு"ன்னு போனை வச்சிட்டேன்.

ஃபிளெக்ஸ் வெயில்ல வெளுத்துரும், எனக்குத் தெரியாதா? முப்பதாம் நாள் பூசைக்குள்ள உன் கல்லறைக்குக் கல் வெட்டணும். ஃபிளெக்ஸ்ல போட்ட அதே வாசகத்தை அண்ணன் எழுதிக் குடுத்தாச்சாம். நாளைக்குக் காலையில கல் வெட்டுறவரு பட்டறைக்குப் போறேன். அன்பு மனைவி இருக்கட்டும், பாசமிகு தாய் இருக்கட்டும், ஒண்ணையும் எடுக்கச் சொல்ல மாட்டேன். அதுக்கெல்லாம் மேலே, முதல் வரியா, 'டிரம்மர்'னு வெட்டுற வரைக்கும் அந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன். யாரு வந்து இழுத்தாலும் சரி.

உன் நாத்தனா, உன் கிடார்க்காரி,
பிலோமினா