நிறைமாதக்காரிக்கு வேறு அளவு

சிறுவாச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அறிவரசனுக்கு அம்மா சுமதி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தயக்கமில்லாமல் எழுத முடிகிறது, அதுவே பெரிய விஷயம். மஸ்கட்டில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று போனில் சொன்னதோடு அப்பா நிறுத்திக்கொண்டார். நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் உன் பெண்டாட்டி செல்வி வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்றாள், கொஞ்சம் உதிரமும் பட்டது. தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கார் பிடித்துப் பெரம்பலூரில் அவள் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை அழுவானே என்று வலி குறைந்துவிட்டதாகச் சொன்னாள் செல்வி. அங்கிருந்த சின்ன டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். ரத்தத்தை உறைய வைக்கிற சத்து 210 என்று இருந்தது, பக்கத்தில் 200 முதல் 400 வரை என்று அச்சடித்திருந்தது. அங்கன்வாடியில் எடை அட்டை பார்த்துப் பழகிய கண்ணல்லவா, உள்ளேதான் இருக்கிறது, பயமில்லை என்று செல்விக்கும் தைரியம் சொல்லிப் பையை எடுத்துவிட்டேன் தம்பி.

படியிறங்கும்போது ரத்தப் பரிசோதனை செய்யும் ஜெயலட்சுமி ஓடி வந்து மறித்தாள். "கெளம்பாதீங்கம்மா. அதுல போட்டிருக்கறது சாதாரண ஆளுங்களுக்கான அளவு. நெறமாசத்துல நானூறுக்கு மேலயே இருக்கணும், இவங்களுக்குப் பாதிதான் இருக்கு. உள்ளுக்குள்ள ரத்தம் போவுதோன்னு பயமா இருக்கு. பெரிய டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க" என்றாள். அந்தம்மா வந்து ஸ்கேன் எடுத்தால், நஞ்சுக்கொடி பிய்ந்து உள்ளே ரத்தம் தேங்கிக் கிடந்தது. ரத்தமும் உறைய வைக்கிற மருந்தும் வரவழைத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் கத்தியைத் தொட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். அப்படியும் செல்விக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. அப்பா வராந்தாவில் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வெளியே வந்த டாக்டரம்மா, "வூட்டுக்குப் போயிருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காதும்மா" என்றார்.

மறுநாள் பாப்பாவின் ரிப்போர்ட்டில் ரத்தம் உறையும் நேரம் அச்சடித்ததைவிடக் கூடுதலாக இருக்க, பதறிப்போய் ஜெயலட்சுமியிடம் ஓடினேன். "பச்சப்புள்ளைக்கு அப்படித்தாம்மா இருக்கும், போவப்போவச் சரியாயிடும்" என்று என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வேலையைத்தானே செய்தேன் என்று அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் நம்பரை அப்பா உனக்கு அனுப்புவார், நீயே ஒரு வார்த்தை பேசு.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. மதுரகாளி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த முறை வீடியோவில் வரும்போது பாப்பாவைக் காட்டச் சொல்லுமுன் செல்வி முகத்தைக் கொஞ்ச நேரம் பார். நீ அழுதாலும் பரவாயில்லை, அவள் பார்க்கட்டும்.

உன் அம்மா,
வீ. சுமதி