முதுகுக்குப் பின்னால் வைத்த மூட்டை

தி.நகர்,
9-6-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, கடைசி வரிகள் கீழே சரிந்திருந்ததுதான். நீ எப்போதும் நேராக எழுதுகிறவன். இங்கே அம்மாவின் வலது கையைத் தவிர எல்லாரும் சுகம். பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். கஞ்சி வடிக்கும்போது அம்மா கையில் கொட்டிக்கொண்டாள், கொப்புளம் இப்போது ஆறிக்கொண்டு வருகிறது, பயப்படாதே. அவள் சொல்வதையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

பாடம் மலைப்பாக இருக்கிறது, பரீட்சையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எட்டாவதோடு நின்ற நான் பாடத்தைப் பற்றிப் பேசக்கூடாது, நடந்ததை மட்டும் சொல்கிறேன். அம்மா கை சுட்ட அன்றுதான் துணிக்கடை சண்முகவேல் அண்ணாச்சி பள்ளிக்கூடச் சட்டைகளைப் பொத்தான் துளை வெட்டிக் காஜா எடுக்க அனுப்பியிருந்தார். பள்ளி திறக்குமுன் கொடுக்காவிட்டால் வேலை வேறு வீட்டுக்குப் போய்விடும். மூட்டையைப் பார்த்ததும் எனக்கும் உன்னைப் போலவே மலைப்புத்தான். சீக்கிரம் முடியட்டும் என்று பிளேடை எடுத்துப் பாதிச் சட்டைகளுக்குப் பொத்தான் துளைகளை மொத்தமாக வெட்டிவிட்டேன். தைக்க உட்கார்ந்தால், புரட்டப் புரட்ட வெட்டின இடமெல்லாம் நூல் பிரிந்து துளை வாயைப் பிளந்தது. அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டு ஹாஜிரா பீ எட்டிப் பார்த்து, "இன்னா பொண்ணே, நீ சட்டைக்குக் காவலா, சட்டை உனுக்குக் காவலா? ரெண்டும் அப்படியே குந்திக்கினு கீறீங்க" என்றார். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மூட்டை கண்ணில் படாதபடி அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்காமல் கையை விட்டு ஒரு சட்டை, அது முடிந்தால்தான் அடுத்தது. பிரிந்த துளைகளைச் சுற்றி ஓட்டுத்தையல் போட்டு, அதன் மேல் நெருக்கமாகக் காஜா எடுத்தேன். ஒரு நாள் பின்னால் கையை விட்டால் தரைதான் தட்டுப்பட்டது அண்ணா! எழுந்து குதித்தேன்.

கடைக்கு நானே போனேன். ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள்! அண்ணாச்சி ஒரு துளையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "இது தடிப்பா இருக்கே, யாரு போட்டது, ஒங்கம்மையா?" என்றார். "நாந்தான் அண்ணாச்சி, துளை பிரிஞ்சிட்டு, அதான் ரெண்டு தையல். பிள்ளைங்க பிடிச்சு இழுத்தாலும் கிழியாது" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "சத்தமே வராத புள்ளையா இது? அப்பம் தீவாளி வரைக்கும் வேலை ஒனக்குத்தான்" என்று சிரித்தார். வீடுவரை தலை நிமிர்ந்தே நடந்து வந்தேன்.

அம்மா சொல்கிறாள், "பரீட்ச எழுதாம வந்தாம்னா கதவத் திறக்க மாட்டேன்னு எழுதுட்டி." திறப்பாள், ஆனாலும் எழுதிவிட்டு வா. புத்தகங்களை முதுகுப் பக்கம் வைத்து ஒவ்வொன்றாக எடு. நீ நினைத்தது நடக்கும் என்று அம்மா இடது கையால் இந்தக் கடிதத்தைத் தொட்டு ஆசீர்வதித்திருக்கிறாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே.

இப்படிக்கு,
அம்மாவுக்கும் சேர்த்து,
உன் தங்கை சண்முகவடிவு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடையிலிருந்து புது மூட்டை வந்துவிட்டது. முதுகுப் பக்கம் வைத்துவிட்டு ஒரு சட்டையை எடுத்தேன்.