நிழல் நீலம்தான்

மோசான்,
மார்ச் 9, 1893.

அன்புள்ள ஃபுல்க்ரானுக்கு உங்கள் மனைவி ஒனோரின் எழுதுவது.

கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் உங்களுக்கு இதைப் படித்துக் காட்டும் மருத்துவமனைச் சகோதரிக்கு முதலில் என் வணக்கம். சகோதரி, நடுவில் அவர் போதும் என்பார். நிறுத்த வேண்டாம்.

இங்கே நலம். ஆடு இரண்டு குட்டி போட்டது. வடகாற்று நான்கு நாளாகக் கூரை ஓட்டைப் பிய்க்கிறது.

நீங்கள் சொல்லி எழுதச் செய்த கடிதம் வந்தது. கண் கெட்டதால்தான் ஒலிவ மர நிழலை நீலமாகத் தீட்டிவிட்டீர்களாம், அந்தப் படத்தை நான் சுரண்டிவிட வேண்டுமாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊர் சிரித்தபோது நானும் சிரித்தவள், மறைக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லையே. படத்தைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போனேன். நீங்கள் செய்வதுபோலவே சட்டத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றில் விழாமல் நிறுத்தினேன்.

முதல் இரண்டு நாள் நிழல் கருப்பாகத்தான் தெரிந்தது. கருப்பு என்று நினைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் மதியம், வெயிலில் செம்மண் ஆரஞ்சுப் பழ நிறத்தில் எரிய, பக்கத்தில் நிழல் நீலமாகக் கிடந்தது. அடிமரத்தருகே கத்தரிப்பூ நிறம்.

அதற்குள் தோப்புக்காரர் செசேர் கிளை கழிக்க ஆட்களோடு வந்துவிட்டார். மரத்துக்குள் குருவி நுழைந்து அந்தப் பக்கம் பறந்து போகும் அளவுக்குக் கிளைகளைக் கழிக்க வேண்டும், அதுதானே அவர் கணக்கு. அப்படி வெட்டினால் படத்தில் உள்ள நிழலே இருக்காது. உங்கள் இரண்டு மரங்களை மட்டும் விட்டுவைக்கக் கேட்டேன்.

"நீல மரத்துல நீல எண்ணெயா வரும்? புருசன், பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கண்ணு போச்சா?" என்றார்.

கையைப் பிடித்து இழுத்துப் போய் நிழலுக்கு எதிரே நிறுத்தினேன். வெகுநேரம் பார்த்தார். "சனியன், இனிமே எனக்கும் இப்படித்தான் தெரியப்போகுது" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். இரண்டு மரங்களும் அப்படியே நிற்கின்றன.

படத்தைச் சுரண்ட மாட்டேன். இடது மூலையில் துணி இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்ப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. வெளிச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நேரே வீட்டுக்கு வாருங்கள். எந்த மணிக்கு எந்த நிழல் என்ன நிறம் என்று எழுதி வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் நான் சொல்லச் சொல்ல உங்கள் கை தீட்டட்டும்.

சகோதரி, இனி வருவதை அவர் காதருகே மெதுவாகப் படியுங்கள். ஃபுல்க்ரான், உங்கள் கண் ஒருநாளும் பொய் சொல்லவில்லை. கடவுள் துணையிருப்பார், நானும் இருப்பேன்.

உங்கள்
ஒனோரின்